ஓபோக்காரர்கள் ஏன் தனியாகக் கூடுகிறார்கள்?

ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர்கள் ஏறத்தாழ முப்பது பேர் இருப்பார்கள். ஓபோ என்னும் மரக்குழலை வாசிப்பவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. அதன் தாழ்ந்த குரல் உறவான பசூனும் அப்படித்தான். பள்ளிக்கூட பேண்டுக்கு வந்தால் கணக்கு இன்னும் மோசம். கிளாரினெட் பிள்ளைகள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஓபோ ஒன்று இருந்தாலே அதிசயம். பசூன் இருந்தால் அது பெரும்பாலும் சாமான் அறையில், பெட்டிக்குள் இருக்கும். கூடச் சேர்ந்து வாசிக்க ஆளில்லை, சந்தேகம் கேட்க மேல்வகுப்பு அண்ணன் அக்கா இல்லை. சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரே பல இடங்களில் கிளாரினெட்காரர்தான். இந்த இரண்டு வாத்தியக்காரர்களும் பல நாடுகளில் ஆண்டுக்கொரு நாள் ஏதாவது ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் ஒன்றுகூடுவதற்கு முதல் காரணம் இந்தத் தனிமை. இரண்டாவது காரணம் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. என்னைக் கேட்டால் வரிசையை மாற்றிப் போடுவேன்.

இரண்டும் இரட்டைச் சீவாளி வாத்தியங்கள். கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் ஒரே ஒரு தகடு, வாய்க்குமிழோடு சேர்த்துக் கட்டியிருக்கும். ஓபோவிலும் பசூனிலும் வாய்க்குமிழ் கிடையாது. நாணல் தகடுகள் இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி கட்டப்பட்டிருக்கும், அவற்றையே உதட்டுக்கு நடுவில் பிடித்து ஊத வேண்டும். நாதஸ்வரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இந்தக் கூட்டத்தை 'டபுள் ரீட் டே' என்கிறார்கள். உலக அளவில் இவர்களுக்கென்று 1971-இல் தொடங்கிய பன்னாட்டு இரட்டைச் சீவாளிச் சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டு மாநாட்டைப் பெரும்பாலும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம்தான் ஏற்று நடத்தும், அதுவும் அனேகமாக அமெரிக்காவில். 2015-இல் தோக்கியோவில் நடந்தது. 2023-இல் பாங்காக்கை ஒட்டிய மஹிடோல் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் நடந்தது. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம்! பக்கத்து நாட்டில் உலக மாநாடே நடந்துவிட்ட பிறகு, இங்கே மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பினாங்கிலோ ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஒரு நாள் இதற்காகக் கதவைத் திறந்து வைப்பது பேராசை இல்லை.

அப்படிப்பட்ட நாளில் என்ன நடக்கும்? காலையில் பதிவு, ஒரு சிறு கச்சேரி. அடுத்து மாஸ்டர் கிளாஸ்: மாணவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார், மூத்த கலைஞர் அங்கேயே திருத்துவார். பெரும்பாலும் மொசார்ட்தான் அகப்படுவார். அவருடைய பசூன் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1774-இல், பதினெட்டு வயதில் எழுதியது. இன்றும் உலகெங்கும் இசைக்குழுத் தேர்வுகளில் பசூன்காரர்களை அதை வாசிக்கச் சொல்லித்தான் எடை போடுகிறார்கள். ஓபோக்காரர்களுக்கும் அவருடைய கான்செர்ட்டோ ஒன்று அப்படியே நிற்கிறது. ஒரு மூலையில் வாத்திய வியாபாரிகள் கடை போட்டிருப்பார்கள். ஒரு லட்சம் ரிங்கிட்டை எளிதாகத் தாண்டும் ஜெர்மனியின் ஹெக்கல் நிறுவனத்துப் பசூனை அங்கேதான் ஒரு மாணவர் கையில் தொட்டுப் பார்க்க முடியும். மாலையில் வந்தவர்கள் அனைவரும், ஆறு மாதம் கற்றவரிலிருந்து இசைக்குழுவில் சம்பளம் வாங்குகிறவர் வரை, ஒரே மேடையில் உட்கார்ந்து வாசிப்பார்கள்.

அந்தக் கூட்டு வாசிப்புக்கு அடிக்கடி எடுக்கப்படும் இசை ஹேண்டல் எழுதிய வாணவேடிக்கை இசை. அதற்கு நியாயம் உண்டு. 1749 ஏப்ரலில் லண்டன் கிரீன் பார்க்கில் அரசு விழாவுக்காக அதை வாசித்தபோது, மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்கு வயலின் வகையறாக்கள் வேண்டாம், போர்க்களத்து வாத்தியங்கள் போதும் என்ற எண்ணம். ஹேண்டல் 24 ஓபோக்களையும் 12 பசூன்களையும் எழுதி வைத்தார். தாரைகளும் கொம்புகளும் ஒன்பது ஒன்பது. வேடிக்கையின் நடுவே மேடைக் கட்டடத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்துக்கொண்டது வேறு கதை. 24 ஓபோக்களை ஒன்றாகக் கேட்கிற வாய்ப்பு இன்றைக்குப் பெரும்பாலும் இந்த மாதிரி நாள்களில்தான் கிடைக்கும். எல்லாமே சுருதி சேர்ந்து கேட்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஆனால் கச்சேரியும் மாஸ்டர் கிளாசும் எந்த வாத்தியக்காரர் கூட்டத்திலும் உண்டு. இவர்களுக்கே உரியது சீவாளி மேசை. கத்தி, சாணைக்கல், நூல்கண்டு, தண்ணீர்க் கிண்ணம், விளக்கு, சிறு மரக்கட்டை இவற்றோடு நாள் முழுக்க அங்கே யாராவது குனிந்து உட்கார்ந்து சீவிக்கொண்டிருப்பார்கள். தேர்ந்த ஓபோக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் சீவாளியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வயலின்காரர் தந்தி செய்வதில்லை, பியானோக்காரர் கம்பி முறுக்குவதில்லை. ஓபோக்காரர் மட்டும் வாழ்நாளில் பாதியைக் கத்தியோடு கழிக்கிறார்.

மூலப்பொருள் ஒருவகை நாணல். தாவரவியலில் அருண்டோ டோனக்ஸ் என்பார்கள். வெப்ப நாடுகளில் பல இடங்களில் வளர்ந்தாலும், வாத்தியக்காரர்கள் இன்னும் தென் பிரான்சின் வார் பகுதி நாணலைத்தான் தேடிப் போகிறார்கள். அறுத்த நாணலை நன்றாக உலர வைத்து, குழல் குழலாக நறுக்கி விற்கிறார்கள். ஓபோவுக்கு விட்டம் 10 முதல் 11 மில்லிமீட்டர், பசூனுக்கு ஏறத்தாழ 25. ஓபோக் குழலை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து உள்பக்கத்தைக் குடைந்தெடுக்க வேண்டும். நடுப்பகுதி 0.6 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்வரை குடைவார்கள். பிறகு ஊறவைத்து, அச்சில் வைத்து வடிவம் வெட்டி, இரண்டாக மடித்து, 47 மில்லிமீட்டர் நீள உலோகக் குழாயின் மேல் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். மடிப்பை வெட்டித் திறந்தால் இரண்டு தகடுகள் கிடைக்கும்.

இதுவரை செய்தது தச்சு வேலை. கலை இதற்குப் பிறகுதான். நுனியைப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவ வேண்டும். நுனிக்குப் பின்னால் 'இதயம்' என்று சொல்லும் பகுதியில் கொஞ்சம் கனம் விட வேண்டும், இரண்டு ஓரமும் சமமாக இருக்க வேண்டும். சீவி, சீவாளியை மட்டும் தனியாக வாயில் வைத்து ஊதி, காது சொன்னபடி இன்னும் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி ஊதிப் பார்ப்பார்கள். ஓர் இழுப்பு அதிகமானால் அத்தனையும் குப்பைக்குப் போகும். இதைப் படம் போட்டு விளக்கிய நூல்கள் உண்டு, காணொளிகள் எத்தனையோ உண்டு. ஆனால் கத்தி எவ்வளவு அழுத்தத்தில் நாணலின் மேல் போகிறது என்பதைக் காணொளி காட்டாது. மாணவரின் விரல் மேல் ஆசிரியர் தன் விரலை வைத்துத்தான் சொல்லித்தர முடியும். ஒரு பல்கலைக்கழகம் இதற்காக ஒரு நாளை ஒதுக்குவது வீணில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனை பாடுபட்டுச் செய்த ஓபோ சீவாளி பத்துப் பதினைந்து மணி நேர வாசிப்புக்குத் தாங்கினால் அதிர்ஷ்டம். பசூன் சீவாளி பெரியது, மூன்று கம்பிச் சுற்றுகள் இறுக்கிப் பிடித்திருக்கும், ஆயுசும் சற்றுக் கூட. சீவும் முறையிலும் கட்சிகள் உண்டு. பிலடெல்பியா இசைக்குழுவில் 1915 முதல் 1954 வரை முதல் ஓபோவாக இருந்த மார்செல் தபுத்தோ நுனியிலிருந்து நூல்கட்டு நெருங்கும்வரை நீளமாகச் சீவும் முறையை வளர்த்தெடுத்தார். அமெரிக்கர்கள் இன்றுவரை அவர் வழி. ஐரோப்பியர்கள் நுனியை ஒட்டிக் கொஞ்ச தூரம் மட்டும் சீவுகிறார்கள். மலேசியாவில் யாரிடம் கற்றீர்களோ அவர் எந்த நாட்டில் படித்தார் என்பதைப் பொறுத்து உங்கள் கட்சி முடிவாகிவிடும். பாதி வழியில் ஆசிரியர் மாறினால் கத்தியைப் பிடிப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு தொல்லை சேர்கிறது. கோலாலம்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஏர்கோன் ஓடும் அரங்கத்துக்குள் நுழைந்தால் அது சரேலென்று இறங்கும். நாணல் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐரோப்பாவில் குளிர்காலத்து அறையில் சீவி அனுப்பிய சீவாளி இங்கே வந்து பெட்டியைத் திறக்கும்போது வேறு குணத்தில் இருக்கும். வாய் அகன்று ஊதவே முடியாமலோ, இடைவெளி மூடிக்கொண்டோ நிற்கும். வாங்கிய சீவாளியை இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி திருத்தத் தெரியாத மாணவர், ஒன்றுக்கு நூறு ரிங்கிட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு, குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டு வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவார். மரத்துக்கும் இதே கதைதான். ஓபோ கிரெனடில்லா என்னும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்படுகிறது. ஏர்கோனில் குளிர்ந்து கிடக்கும் குழலுக்குள் சூடான ஈர மூச்சை ஊதினால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, மேல்பகுதி வெடிக்கும். அனுபவப்பட்டவர்கள் வாசிக்குமுன் குழலைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். மரத்துக்குப் பதில் ஞெகிழி மேல்பகுதி வைத்த ஓபோக்களும் இருக்கின்றன. கனடாவின் லெஜேர் நிறுவனம் நாணலே இல்லாத செயற்கைச் சீவாளியும் விற்கிறது. ஈரப்பதக் கவலை அதற்குக் கிடையாது, பிள்ளைகளுக்கு நல்லதுதான். தேர்ந்தவர்களில் பலர் இன்னும் நாணலை விடவில்லை.

இனி நாதஸ்வரம். உறவு மேலோட்டமானதில்லை. இரண்டிலும் இரட்டைச் சீவாளி, இரண்டிலும் மேலே குறுகிக் கீழே விரியும் கூம்புக் குழல். கூம்புக் குழலில் மூச்சின் அழுத்தத்தை ஏற்றினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். கிளாரினெட்டின் நேர்க்குழலில் ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு பஞ்சமமும் தாவும், அதனால் அங்கே மேல்ஸ்தாயிக்கு விரல் முறையே வேறு. நாதஸ்வரம் வாசிக்கிறவர் ஓபோவை எடுத்தால் இந்தத் தாவலில் குழம்ப மாட்டார்.

பிரிவது வேறு இடத்தில். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் ஊர்வலத்திலும் கோட்டை மதிலிலும் ஊதும் பெருங்குரல் குழல்கள்தான் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அரண்மனைக் கைவினைஞர்கள் அதை அறைக்குள் கொண்டுவர விரும்பினார்கள். குழலின் உள்துளையைக் குறுகலாக்கினார்கள், துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்தார்கள், சீவாளியை உதடு நேரடியாகப் பிடித்து அடக்கும்படி ஆக்கினார்கள். அதுதான் ஓபோ. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் சாவிகள் பெருகின. நாதஸ்வரம் வெளியிலேயே நின்றது. தேரோடும் வீதி அதன் அரங்கம், மூன்று தெரு தள்ளிக் கேட்பது அதன் வேலை. சாவி கிடையாது. ஏழு விரல் துளைகள். அடியில் உள்ள கூடுதல் துளைகளில் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். சுரத்துக்கு நடுவிலுள்ள நுட்பமெல்லாம் உதட்டிலும் மூச்சிலும் பாதி மூடிய விரலிலும் பிறக்கிறது. ஓபோக்காரர் சாவிக்கு ஒப்படைத்த வேலையை நாதஸ்வரக்காரர் சீவாளிக்கு ஒப்படைத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

மூச்சும் நேர் எதிர். நாதஸ்வரத்துக்குக் காற்று நிறைய வேண்டும். ஓபோ சீவாளியின் வாய் ஒரு மில்லிமீட்டர்கூடத் திறந்திருக்காது, அதன் வழியே காற்று வெளியேறவே மறுக்கும். ஓபோக்காரர் பாட்டு நடுவில் மூச்சு முட்டித் தவிப்பது காற்று தீர்ந்ததால் இல்லை. உள்ளே கெட்ட காற்று தேங்கிப்போனதால். அவர் முதலில் மூச்சை விட்டுவிட்டுத்தான் புது மூச்சு எடுக்க வேண்டும். இசைக்குழு முழுவதும் ஓபோ கொடுக்கும் நொடிக்கு 440 அதிர்வுச் சுரத்துக்குச் சுருதி சேர்ப்பதற்குக் காரணமும் சீவாளியில்தான் போய் முடிகிறது. குரல் ஊடுருவும், அலையாது, முக்கியமாக, வாசிக்கும் நேரத்தில் சுருதியை மாற்ற ஓபோக்காரருக்கு வழி குறைவு. மாற முடியாதவரோடு மற்றவர்கள் மாறிக்கொள்கிறார்கள். பசூன்காரருக்காவது சற்றே நீளம் மாறிய வளைந்த உலோக ஊதுகுழாய்கள் இரண்டு மூன்று பெட்டியில் இருக்கும்.

தொழில் அமைப்பில் இன்னொரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காவிரிக் கரையில் சீவாளி செய்வது தனித் தொழில். திருவாவடுதுறை அதற்குப் பேர்போன ஊர், நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த ஊரும் அதுதான். குழல் கடைவதற்கு அருகிலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே ஆச்சா மரத்தில் செய்யும் நாதஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. வாசிப்பவர் கடைசித் திருத்தத்தை மட்டும் செய்துகொள்வார், குழலில் தொங்கும் கொத்திலிருந்து அன்றைக்குப் பேசுகிற சீவாளியைத் தேர்ந்தெடுப்பார். கோலாலம்பூரிலோ அந்தத் தொழில் வட்டமே இல்லை. ஓபோக்காரர் பிரான்சை எதிர்பார்த்திருக்கிறார், பத்துமலையிலும் துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் ஒலிக்கும் நாதஸ்வரங்கள் தஞ்சை வட்டாரத்தை எதிர்பார்த்திருக்கின்றன. வாசிக்கிறவர்களிலேயே பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வருகிறவர்கள். ஒரே ஈரக் காற்றில், ஒரே மாதிரி நாணலோடு இரு கூட்டமும் மல்லுக்கட்டுகின்றன, ஆனால் ஒன்றை மற்றொன்று சந்திப்பதில்லை.

சொல்லப்போனால் இந்த நாட்டில் இரட்டைச் சீவாளி வகையைச் சேர்ந்த குரல் இல்லாத பெரிய சமூகமே இல்லை. கிளந்தான் நிழற்கூத்தான வாயாங் கூலிட்டிலும் சிலாட் தற்காப்புக் கலையிலும் செருனாய் என்னும் குழலை ஊதுகிறார்கள். அதன் சீவாளி பனை வகை ஓலையில், பல மடிப்பாகச் செய்வது. மாமன்னர் அரியணை ஏறும்போது வாசிக்கப்படும் நோபாட் என்னும் அரச வாத்தியக் குழுவிலும் செருனாய் உண்டு. பினாங்குச் சீனர்களின் இறுதி ஊர்வலத்தில் சுவோனா என்னும் சீனக் குழல் முழங்கும். தெருவில் இத்தனை இருந்தும் வகுப்பறையில் ஓபோவைத் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 'நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்க ஒத்துவரும்' என்று பேசுவது எளிது. நான் அதை நம்பவில்லை. முதல் தடை காசு. தொடக்க நிலைக் கிளாரினெட் இரண்டு மூவாயிரம் ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். நல்ல பெயருள்ள மாணவர் ஓபோ பத்தாயிரத்தை ஒட்டியோ தாண்டியோ போகும், பசூன் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பள்ளியே வாங்கி வைத்தால்தான் உண்டு. இரண்டாவது தடை, நம் பள்ளிகளின் பேண்டு அணிவகுப்புக்காக வளர்ந்தது. நடந்துகொண்டே ஓபோ ஊதினால் பல்லுக்கும் சீவாளிக்கும் சேர்ந்து ஆபத்து. வெயிலும் மழையும் மரத்துக்கு ஆகாது. ஆகவே தேசிய தின ஊர்வலத்துக்குப் பயன்படாத வாத்தியத்துக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

மூன்றாவது தடை இடம். மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டில் இரட்டைக் கோபுரத்து அரங்கில் முதல் கச்சேரி செய்தபோது கலைஞர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். அதன் இளையோர் குழு 2006-இல் உருவான பிறகுதான் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெளிவான படிக்கட்டு கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் இசை படிக்க செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகம், செராஸில் யுசிஎஸ்ஐ என்று வழிகள் உண்டு. ஷா ஆலாம் மாரா பல்கலைக்கழகத்திலும் இசைப் படிப்பு இருக்கிறது, ஆனால் அதன் இளங்கலை வகுப்புகள் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானவை. யுசிஎஸ்ஐ தனியார், கட்டணம் அதற்கேற்றபடி. இந்த நிலையில் ஒரு பல்கலைக்கழகம் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு நாளைத் திறந்துவிட்டால், அங்கே படிக்க இடம் கிடைக்காத பிள்ளையும் அதன் ஆசிரியரிடம் ஒரு சீவாளியைக் காட்டிக் கேட்க முடியும். இதைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை.

இப்படி ஒரு நாளை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. நாதஸ்வரத்தையும் செருனாயையும் அழைத்தால், தயவுசெய்து 'பல்லினக் கலவை நிகழ்ச்சி' ஒன்றைப் போட்டு முடித்துவிடாதீர்கள். ஓபோவின் பக்கத்தில் நீளமான பாரி நாதஸ்வரத்தை வாசிக்கச் சொன்னால் ஓபோ கேட்கவே கேட்காது. கமகத்தைச் சாவிக்குள் அடைக்கச் சொன்னால் இருவருக்கும் சங்கடம். கடைசியில் மைக் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை மாற்றி மாற்றி வாசித்து, படம் பிடித்துக்கொண்டு கலைவார்கள். அதற்குப் பதிலாகக் கோயிலில் வாசிக்கும் அண்ணன் ஒருவரைச் சீவாளி மேசைக்கு அழைத்து உட்கார வைக்கலாம். ஈரம் ஏறிய சீவாளியை அவர் எப்படி அமுக்கி வாயைச் சரிசெய்கிறார், வாசித்து முடித்த சீவாளியை எப்படிக் காய வைக்கிறார், தைப்பூசத்தன்று விடியற்காலை முதல் நள்ளிரவு வரை தாங்க எத்தனை கொத்து எடுத்துப் போகிறார் என்று ஓபோ மாணவர்கள் கேட்கட்டும். குடைவு இயந்திரமும் மைக்ரோமீட்டரும் அவருக்கு வேடிக்கையாக இருக்கலாம், உபயோகமாகவும் இருக்கலாம். பாஷையில் தடுமாற்றம் வரும். இசைத்துறையில் தமிழ் தெரிந்த மாணவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

அந்த நாளுக்குப் பிள்ளைகளோடு போகிற பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. வாத்தியம் கையில் இல்லாவிட்டாலும் பார்வையாளராக அனுமதிப்பது இந்தக் கூட்டங்களில் வழக்கம், கேட்டுப் பாருங்கள். கிளாரினெட்டோ புல்லாங்குழலோ இரண்டு வருடம் வாசித்த பிள்ளை இரண்டாம் மூன்றாம் படிவத்தில் (பதினான்கு, பதினைந்து வயதில்) ஓபோவுக்கு மாறுவது காலம் கடந்த காரியம் இல்லை. பசூனுக்குக் கை கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும், இடது கட்டைவிரல் ஒன்றே ஒன்பது பத்துச் சாவிகளைக் கவனிக்கிறது. கடைக்காரர் மேசையில் பழைய வாத்தியம் மலிவாகக் கிடைக்கிறதென்று அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், மேல்பகுதியில் வெடிப்பை ஒட்டிய தடம் இருக்கிறதா என்று அங்கு வந்திருக்கும் ஆசிரியர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் சீவாளிக் கத்தியைக் கைப்பையில் வைக்க வேண்டாம், பறிபோகும். சீவாளி மேசையில் உட்கார்ந்து கற்க எண்ணம் இருந்தால் காலை முதல் அமர்வுக்கே போய் நாற்காலி பிடித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் அந்த மேசையைச் சுற்றி நிற்கக்கூட இடம் இருக்காது.